விளக்குக்கடைத் தளத்துக்குப் பொய் நட்சத்திரம் போட்டு மாட்டிக்கொண்டேன். ஸ்கீமாவை எப்படிச் சரிசெய்வது?

பித்தளைக்கடை எழுதியது:

வணக்கம். நாச்சியார்கோயிலில் எங்களுக்குச் சிறிய குத்துவிளக்குக் கடை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு 72 வயது. இன்றும் காலையில் கடையைத் திறந்து தராசைத் துடைத்து வைப்பவர் அவர்தான். நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வந்த கையோடு வேர்ட்பிரஸில் கடைக்கு ஒரு தளம் போட்டேன். அதில் 64 விளக்குகள் இருக்கின்றன. கணினியைக் கண்டு பயப்படுகிறவன் இல்லை. ஆனால் நிரல் எழுதத் தெரியாது.

கூகுளில் எங்கள் ஊர் விளக்கைத் தேடினால் எங்கள் தளம் முதல் பக்கத்திலேயே ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரும். ஆனால் மேலே இருப்பவர்களுக்குத் தலைப்பின் கீழே விலை, இருப்பு, மஞ்சள் நட்சத்திரம் எல்லாம் தெரியும். எங்களுக்கு ஒரு தலைப்பு, இரண்டு வரி எழுத்து, அவ்வளவுதான். கடைத்தெரு முழுக்க சீரியல் பல்பு எரியும்போது நம் கடையில் மட்டும் ஃபியூஸ் போனது போலிருக்கும்.

ஆடி மாதம் ஒருவர் பேசினார். "ஸ்கீமா போட்டுத் தருகிறேன், பத்தே நாளில் நட்சத்திரம் வரும்" என்றார். ஸ்கீமா என்றால் விலை, இருப்பு, நட்சத்திரம் போன்றவற்றைக் கூகுளுக்குப் புரியும்படி பக்கத்தின் நிரலில் எழுதிவைக்கும் கட்டமைப்புத் தரவாம். 12,000 ரூபாய் கொடுத்தேன். சொன்னபடியே வந்தது: 4.9 நட்சத்திரம், 212 மதிப்புரை. எங்கள் தளத்தில் மதிப்புரை எழுதும் இடமே கிடையாது! கேட்டதற்கு "எல்லோரும் இப்படித்தான் சார் போடுகிறார்கள்" என்றார். எனக்கும் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஆசை வந்துவிட்டது, பேசாமல் இருந்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பதினெட்டு நாள் எரிந்தது. பிறகு எல்லாம் ஒரே இரவில் அணைந்துபோனது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்தால் மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியர் பார்த்து எடுத்த நடவடிக்கை) என்று ஓர் அறிவிப்பு. கட்டமைப்புத் தரவில் விதிமீறல் இருப்பதாகச் சொல்கிறது. பணம் வாங்கியவர் இப்போது போனை எடுப்பதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. நாங்கள் விளக்கை எடை போட்டுத்தான் விற்கிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று. அதனால் தளத்தில் விலையே போடவில்லை, "விலை அறிய வாட்ஸ்அப்பில் கேட்கவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. விலை இல்லாவிட்டால் பிழை காட்டுகிறது என்று அந்த ஆள் எல்லா விளக்குக்கும் 1 ரூபாய் என்று ஸ்கீமாவில் எழுதிவிட்டார். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் போன் செய்து, "ஒரு ரூபாய் விளக்கில் பத்து அனுப்புங்கள்" என்றார். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது புரட்டாசி. கார்த்திகைக்கு முன்பு இது சரியாக வேண்டும். ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த மாதத்தில்தான். தளமே கூகுளில் காணாமல் போய்விடுமா? எடைக்கு விற்கும் பொருளுக்கு விலையை எப்படி எழுதுவது? கூகுள் மேப்பில் எங்கள் கடைக்கு உண்மையான மதிப்புரைகள் 38 இருக்கின்றன, அவற்றைத் தளத்தின் ஸ்கீமாவில் போட்டால் நட்சத்திரம் திரும்ப வருமா?

---

வெண்பலகை எழுதியது:

முதலில் மூச்சு விடுங்கள். கட்டமைப்புத் தரவுக்காக வரும் மேனுவல் ஆக்‌ஷன், உங்கள் பக்கத்தைத் தரவரிசையில் கீழே தள்ளாது. நட்சத்திரம், விலை போன்ற அலங்காரம் காட்டும் தகுதிதான் போயிருக்கிறது. நீங்கள் ஐந்தாவதாக வந்தால் ஐந்தாவதாகவே வருவீர்கள், வெறும் எழுத்தாக.

இன்று இரவே அந்த 212-ஐ நீக்குங்கள். மற்றவை பிறகு.

---

தறிநாடா எழுதியது:

அண்ணா, நான் கோவையில் கடைத்தளங்களுக்கு இந்த வேலையைத்தான் செய்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் தளத்தைத் தேடிப் பார்த்தேன்; கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. பெயரை இங்கே எழுதவில்லை. பக்கத்தின் மூலநிரலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரே விளக்குப் பக்கத்தில் "புராடக்ட்" (பொருள்) என்ற ஸ்கீமா துண்டு மூன்று முறை இருக்கிறது. ஒன்றை வேர்ட்பிரஸில் சேர்த்திருக்கும் துணைநிரலான கடைப் பிளகின் தானாகவே எழுதுகிறது. இன்னொன்று, தேடலில் முன்னே வர உதவும் எஸ்.இ.ஓ. பிளகின் எழுதுவது. மூன்றாவது, அந்த ஆள் தலைப்பகுதியில் ஒட்டிவிட்டுப் போனது. அது தளம் முழுவதற்கும் பொதுவானது. அதனால் உங்கள் "தொடர்புக்கு" பக்கமும் 4.9 நட்சத்திரம் பெற்ற ஒரு குத்துவிளக்கு என்றே கூகுளுக்குத் தெரிகிறது. மூன்றாவதை அடியோடு எடுங்கள். முதல் இரண்டில் ஒன்றை அணையுங்கள். கடைப் பிளகினையே வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் தெரியும் விலையும் ஸ்கீமாவில் போகும் விலையும் ஒரே பெட்டியிலிருந்து வரும், முரண்பட வழியில்லை.

அவர் சேர்த்திருக்கும் இருபது கேள்வி பதில்களையும் பார்த்தேன். "குத்துவிளக்கு என்றால் என்ன?" என்று தொடங்குகிறது. அந்தக் கேள்வி பதில் பட்டியலைக் கூகுள் 2023 ஆகஸ்டிலேயே நன்கு அறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களுக்கு என்று சுருக்கிவிட்டது. விளக்குக்கடைக்கு அதில் இடமில்லை. உங்களிடம் பணம் வாங்கியவர் பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்.

இந்தப் பொய் நட்சத்திரம் எங்கிருந்து பிறக்கிறது தெரியுமா? ஸ்கீமாவைச் சோதிக்கும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் பக்கத்தைக் கொடுத்தால் சிவப்பில் பிழையும் மஞ்சளில் எச்சரிக்கையும் வரும். "அக்ரிகேட்ரேட்டிங் இல்லை, ரிவ்யூ இல்லை" என்று மஞ்சளில் ஒரு வரி இருக்கும், அதாவது சராசரி நட்சத்திரமும் மதிப்புரையும் இல்லை என்று. அது விருப்பத்துக்குரிய புலம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குற்றமில்லை. ஆனால் அந்த மஞ்சளைக் காட்டித்தான் இங்கே பாதிப் பேர் பிழைப்பு நடத்துகிறார்கள். புராடக்டுக்குப் பெயர் கட்டாயம். அதனுடன் ரிவ்யூ, அக்ரிகேட்ரேட்டிங், ஆஃபர்ஸ் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். விலை என்னும் ஆஃபர்ஸ் உங்களிடம் இருந்தாலே தகுதி வந்துவிடும். நட்சத்திரம் வேண்டியதே இல்லை.

மேப் மதிப்புரைகளை எடுத்துப் போட முடியாது. வேறு தளத்தில் இருக்கும் மதிப்புரைகளைத் திரட்டி உங்கள் ஸ்கீமாவில் எழுதக்கூடாது என்பது விதி. கடையைப் பற்றியே நட்சத்திரம் போடலாமே என்றால் அதுவும் இல்லை. ஒரு நிறுவனம் தன் தளத்தில் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நட்சத்திரத்தை 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் காட்டுவதில்லை. அந்த 38 மதிப்புரைகளும் மேப்பில் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. விளக்கு வாங்கியவர்கள் அந்தந்த விளக்கின் பக்கத்தில் எழுத ஒரு பெட்டி திறந்துவையுங்கள். மெல்ல வரும்.

இனி விலை. உங்கள் தளத்தின் உண்மையான சிக்கல் இதுதான், இதை ஸ்கீமாவால் தீர்க்க முடியாது. பக்கத்தில் இல்லாத ஒன்றை ஸ்கீமாவில் எழுதக்கூடாது. பக்கத்தில் விலை இல்லை, எனவே ஸ்கீமாவிலும் விலைக்கு இடமில்லை. 1 ரூபாய் போட்டாலும் 0 போட்டாலும் அது பொய்தான். குறைந்த விலை, கூடிய விலை என்று இரண்டு எண் எழுதும் வகை ஒன்று உண்டு. ஆனால் அது ஒரே பொருளைப் பல வணிகர்கள் விற்கும்போது பயன்படுத்துவதற்கு. அளவு மாறும் விளக்குகளுக்கு அதைப் போட வேண்டாம். கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லவும் வழி இருக்கிறது, அலகுக் குறியீடு கே.ஜி.எம். ஆனால் அது மொத்த விலைக்குத் துணை, மாற்று அல்ல. வாங்குபவர் கடைசியில் எவ்வளவு கட்டுவார் என்ற எண் வேண்டும்.

ஆகவே நீங்கள் ஒரு வியாபார முடிவு எடுத்தாக வேண்டும். ஒவ்வோர் அளவு விளக்குக்கும் ஒரு வழக்கமான எடை உண்டல்லவா? அதை வைத்துத் தளத்துக்கென்று ஒரு விலையை நிறுத்துங்கள். "இந்த விளக்கின் எடை சுமார் 5 கிலோ 800 கிராம். மணல் அச்சில் வார்ப்பதால் நூறு கிராம் கூடக் குறைய இருக்கலாம், விலை மாறாது" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். விளக்கைத் தராசில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கிலோ விலை ஏறும்போது பெட்டியில் எண்ணை மாற்றினால் பக்கமும் ஸ்கீமாவும் சேர்ந்தே மாறும். சொல்லி வார்க்கும் ஐந்தடி விளக்குகளுக்கு இப்படி விலை நிறுத்த முடியாது. அந்தப் பக்கங்களில் ஆஃபர்ஸ் பகுதியே வேண்டாம். அவை வெறும் எழுத்தாகவே தேடலில் வரட்டும், தவறில்லை.

எண்ணை எழுதும்போது 6670 என்று எழுதுங்கள். ரூபாய்க் குறியும் வேண்டாம், ஆயிரத்துக்குக் காற்புள்ளியும் வேண்டாம். நாணயம் ஐ.என்.ஆர். என்று தனிப் புலத்தில் போகும்.

எல்லாம் முடிந்தபின் கூகுளுக்கு மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்புங்கள். நடந்ததை அப்படியே எழுதுங்கள்: யாரோ சேர்த்தார், நானும் விட்டுவிட்டேன், எந்தெந்தப் பக்கத்திலிருந்து என்ன எடுத்தேன், இனி விலை எங்கிருந்து வரும். நான்கு வரி போதும். ஒரு பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டு 63 பக்கத்தில் விட்டுவிட்டுக் கோரிக்கை அனுப்புபவர்கள்தான் திரும்பத் திரும்ப மறுக்கப்படுகிறார்கள்.

---

பழைய மோடம் எழுதியது:

தம்பி, தறிநாடா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எதன் பின்னால் ஓடுகிறோம் என்பதும் தெரிந்திருக்கட்டும். நான் டயல்-அப் காலத்திலிருந்து தளம் கட்டுகிறவன்.

2009 மே மாதம் கூகுள் முதன்முதலாகத் தேடல் முடிவில் நட்சத்திரம் காட்டத் தொடங்கியது. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்று பொதுச் சொல்லகராதி ஒன்றைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. அப்போதெல்லாம் பக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் சுற்றிக் குறிச்சொல் பின்ன வேண்டும். வடிவமைப்பாளர் ஒரு வரியை மாற்றினால் எல்லாம் அவிழ்ந்துவிடும். இப்போது ஜேசன்-எல்டி என்ற எழுத்து வடிவில் ஸ்கீமாவுக்குத் தனியாக ஒரு துண்டு. பிழைப்பு எளிதாகிவிட்டது, பொய்யும் எளிதாகிவிட்டது. உங்கள் ஆள் ஒட்டியது போல.

ஆனால் காட்டுவதா வேண்டாமா என்பது கூகுளின் விருப்பம். செய்முறைப் படிகளைக் காட்டும் வகை 2023 செப்டம்பரோடு போய்விட்டது. தளத்தின் பெயருக்குக் கீழே வந்த தேடல் பெட்டி 2024 நவம்பரில் போனது. 2025 ஜூனில் மேலும் ஏழு வகைகளை விலக்குவதாக அறிவித்தார்கள். சொல்லகராதியில் அந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன, சபையில்தான் மதிப்பில்லை.

எனவே விலை, இருப்பு, படம், எடை ஆகியவற்றைப் பக்கத்தில் மனிதர் படிக்கும்படி எழுதுங்கள். நாளைக்கு அலங்காரம் போனாலும் பக்கத்துக்கு வந்தவர் விலையைப் பார்த்துவிட்டுப் போவார். "விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்" என்று இருக்கும் எந்தக் கடையிலும் நான் வாங்கியதில்லை.

---

பித்தளைக்கடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தறிநாடா, நீங்கள் சொன்னதும் நம்பாமல் "தொடர்புக்கு" பக்கத்தைச் சோதித்தேன். உண்மைதான். வெட்கமாக இருந்தது.

மூன்றாவது துண்டை அன்றிரவே எடுத்துவிட்டேன். எஸ்.இ.ஓ. பிளகினில் புராடக்ட் ஸ்கீமாவை அணைத்தாயிற்று. கேள்வி பதிலும் போனது. ஆனால் விலை வைப்பதற்குள் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை. "எடை போடாமல் விலை சொல்வதா? வாங்குபவன் கண்ணெதிரே முள் நிற்க வேண்டும்" என்றார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தெருவில் நம்பிக்கை என்பது தராசு முள்தான். தராசில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அவரே ஒவ்வொரு விளக்கையும் தூக்கி வைத்தார். எண் தெரியும்படி இல்லை என்று இரண்டு படங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார். ஐந்தடியும் அதற்கு மேலும் உள்ளவை ஒன்பது, அவற்றை விட்டுவிட்டோம். மீதி 55-க்கும் விலை வந்துவிட்டது.

இப்போது புதுச் சிக்கல். எடையையும் உயரத்தையும் ஸ்கீமாவில் சேர்க்கலாம் என்று ஒரு விளக்குக்கு நானே கையால் ஜேசன்-எல்டி எழுதிப் பார்த்தேன். பதினோராவது வரியில் பிழை என்கிறது. கண் எரிய எரிய பார்த்துவிட்டேன், ஒரு காற்புள்ளிகூட விடுபடவில்லை. தமிழில் பெயர் எழுதியதால் இருக்குமா? பெயர்: 24" அன்னம் குத்துவிளக்கு.

---

தறிநாடா எழுதியது:

தமிழ் ஒன்றும் செய்யாது அண்ணா. யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் தமிழ் அப்படியே போகும். குற்றவாளி அந்த 24-க்குப் பின்னால் நிற்கும் அங்குலக் குறி. ஜேசனில் இரட்டை மேற்கோள் என்றால் "பெயர் இங்கே முடிந்தது" என்று பொருள். 24 என்று பெயர் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வரும் அன்னமும் குத்துவிளக்கும் அதற்குப் புரியவில்லை. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் சரியாகும். ஆனால் "24 அங்குலம்" என்று எழுத்திலேயே எழுதிவிடுங்கள், தேடுபவர்களும் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள். உயரத்துக்கான தனிப் புலத்தில் 24, அலகு ஐ.என்.எச்.

இன்னொன்று: வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். அது மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும். வளைந்த மேற்கோளை ஜேசன் ஏற்காது. நோட்பேடே போதும்.

---

பித்தளைக்கடை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கார்த்திகை பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

மறுபரிசீலனைக் கோரிக்கையை நான்கு வரியில் எழுதச் சொன்னீர்கள், எனக்கு ஏழு வரி ஆனது. அனுப்பிய பதினாறாம் நாள் நடவடிக்கை நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அதற்கும் ஒரு வாரம் கழித்து 24 அங்குல விளக்கைத் தேடினால் தலைப்பின் கீழே ₹6,670, இருப்பில் உள்ளது என்று வருகிறது. எல்லாப் பக்கத்துக்கும் வரவில்லை. 36 அங்குலத்துக்கு ஒரு நாள் வருகிறது, மறுநாள் காணோம். சோதனையில் பச்சைதான் காட்டுகிறது.

ஆச்சரியம் வேறு. முன்பு வாட்ஸ்அப்பில் நாளுக்கு இருபது பேர் விலை கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். இப்போது ஆறேழு பேர்தான் பேசுகிறார்கள், ஆனால் கேட்பது "கார்த்திகைக்குள் வந்து சேருமா" என்று.

மதிப்புரைப் பெட்டியில் முதல் பதிவும் வந்திருக்கிறது. சேலத்திலிருந்து ஒரு அம்மா 4 நட்சத்திரம் கொடுத்து, உச்சி அன்னத்தின் திருகுமறை சரியாக உட்காரவில்லை, ஆடுகிறது என்று எழுதியிருக்கிறார். அப்பா அதைப் படித்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்து, வேறு அன்னம் கடைந்து கூரியரில் அனுப்பினார். நீக்கிவிடலாமா என்று நான் கேட்டதற்கு முறைத்தார்.

ஒரே ஒரு மதிப்புரை இருக்கும்போது சராசரியை ஸ்கீமாவில் போடலாமா, அல்லது பத்துப் பதினைந்து சேரும்வரை காத்திருக்க வேண்டுமா?

---

பழைய மோடம் எழுதியது:

போடுங்கள். மதிப்பு 4, எண்ணிக்கை 1. அந்த மதிப்புரை பக்கத்திலும் தெரிய வேண்டும், ஆடும் அன்னத்தோடு சேர்த்து.